தொழிற்சாலையின் சொந்த மின்சாரம்

நெல்லைக் குதிரிலிட்டு ஓராண்டு காக்கலாம்; நீரைத் தொட்டியில் தேக்கிப் பல நாள் வைக்கலாம். மின்சாரமோ பிறந்த கணத்திலேயே செலவாகும் இயல்பினது. மின்னிலையங்களில் ஆக்கப்படும் அளவும் ஊர்தோறும் செலவாகும் அளவும் எக்கணமும் ஒத்திருத்தல் வேண்டும். அவ்வொப்புக் குலைந்தால் காப்புக் கருவிகள் தம் கடமையைச் செய்யத் தொடங்கி, இணைப்புக்களை ஒன்றன்பின் ஒன்றாய்த் துண்டித்துவிடும். 2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியாவில் நிகழ்ந்தது இதுவே. பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் கம்பித்தடம் அற, அதன் சுமை பிற தடங்களின்மேல் ஏறி, அவையும் அற்றன. இரண்டாம் நாளில் ஏறக்குறைய 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு மின்சாரமின்றி நின்றது.

ஆதலின் தொழில் நடத்துவோர் தம் மனைக்குள்ளேயே மின்சாரத்தை ஆக்கவும் சேமிக்கவும் முற்படுவது இயல்பே. அதற்கு வேண்டுவன யாவை என்பதைச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் இரண்டு அளவுகளை வேறுபிரித்து அறிதல் வேண்டும். கிலோவாட் என்பது குழாயின் அகலம் போன்றது. ஒரு கணத்தில் எவ்வளவு சக்தி பாயும் என்பதைக் காட்டும். யூனிட் எனப்படும் கிலோவாட்-மணி தொட்டியின் கொள்ளளவு போன்றது. மொத்தம் எவ்வளவு உண்டு என்பதைக் காட்டும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கிப் பொருளிழந்தோர் பலர்.

100 கிலோவாட் சுமையுள்ள ஒரு சிறு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் அற்றதும் டீசல் ஜெனரேட்டர் தானே எழுந்து சுமையை ஏற்க ஏறக்குறைய 15 விநாடி ஆகலாம். அவ்விடைவெளி சிறிதெனினும் கேடு பெரிது. ஆயிரம் கதிர்கள் சுழலும் சட்டம் எதிர்பாராது நிற்குமாயின், அறுந்த இழைகளைத் தொழிலாளர் ஒவ்வொன்றாகப் பிணைத்தல் வேண்டும். அந்தப் 15 விநாடிக்கு வேண்டும் சக்தியைக் கணக்கிடுவோம்: 100-ஐ 15-ஆற் பெருக்கி, ஒரு மணிக்குரிய 3,600 விநாடியால் வகுக்க, அரை யூனிட்டினும் குறைவாகவே வரும். தொட்டி மிகச் சிறிதாயினும் போதும்; குழாய் மட்டும் 100 கிலோவாட் அகலமுடையதாதல் வேண்டும். இவ்விடத்தில் பாட்டரிக்கு இணையான கருவி இல்லை. அது கண்ணிமைப்பினும் விரைவில் சுமையை ஏற்கும்.

அதே பாட்டரியைக் கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்ட விரும்பினால் கணக்கு மாறுகின்றது. வேண்டுவது 200 யூனிட். பாட்டரியை முற்றும் வடியவிடுதல் அதன் ஆயுளைக் குறைக்குமாதலின், ஐந்தில் நான்கு பங்கே எடுப்பதாகக் கொண்டால் 250 யூனிட் கொள்ளளவு வேண்டும். ஒரு நாள் முழுதும் ஓட்டவோ 2,400 யூனிட் வேண்டும். அதற்கு டீசலே எளிது. நல்ல ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மிகுதியாகத் தருமாதலால், ஏறத்தாழ 750 லிட்டர் போதுமானது. எனவே விநாடிகளுக்குப் பாட்டரி, மணிகளுக்கும் நாட்களுக்கும் எஞ்சின் என்பது பழைய முறை. இன்று லிதியப் பாட்டரியின் விலை வீழ்ந்துவிட்டமையால், மணிகளின் பொறுப்பிலும் ஒரு பகுதி பாட்டரியிடம் வந்துகொண்டிருக்கின்றது.

இனி, கூரைமேற் சூரியத் தகடுகளைப் பற்றி ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். நம் நாட்டில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். ஆயினும், ஊர்க் கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அது அவ்வாறு அமைக்கப்பட்டது. நண்பகலில், வெயில் எரிக்கையில், கூரைமேல் தகடுகள் இருந்தும் ஆலை இருண்டு கிடக்கும். பாட்டரியும், ஆலையை ஊர்க் கம்பியினின்று பிரித்துத் தனித்தியக்கும் கருவியும் இருந்தாலன்றித் தகடு இடர்காலத்தில் உதவாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நம் ஆலைகள் பல நிறுத்தியுள்ள காற்றாலைகளும் அத்தன்மையனவே. அவை மின்கட்டணத்தைக் குறைக்கும். ஆயின் அவற்றின் மின்சாரம் பொதுக் கம்பி வழியாகவே வருமாதலின், கம்பி அறுமிடத்து அவையும் பயன்படா. சொந்த மின்சாரம் வேறு, மனைக்குள் ஆக்கும் மின்சாரம் வேறு என்க.

கருவிகளை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததோ? இல்லை என்பதற்கு நியூயார்க் நகரமே சான்று. 2012ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் சாண்டி என்னும் புயல் அந்நகரைத் தாக்கியது. பெல்வியூ மருத்துவமனையார் வெள்ளத்திற்கு அஞ்சி ஜெனரேட்டர்களைப் பதின்மூன்றாம் மாடியில் வைத்திருந்தனர். ஆனால் எண்ணெயை மேலேற்றும் பம்புகள் நிலவறையில் இருந்தன. வெள்ளம் நிலவறையை நிரப்பியது. பம்புகள் நின்றன. படைவீரரும் ஊழியரும் படிக்கட்டில் வரிசையாய் நின்று எண்ணெயைக் கைமாற்றிக் கைமாற்றிப் பதின்மூன்று மாடிக்கும் ஏற்றினர். அவ்வரும்பாடு பட்டும், முடிவில் நோயாளிகள் அனைவரையும் வேறிடங்களுக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. அதே இரவில், அதே நகரின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள கோ-ஆப் சிட்டி என்னும் பெருங்குடியிருப்பில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அங்கே 40 மெகாவாட் ஆற்றலுள்ள சொந்த மின்னிலையம் இடர்காலத்தை எதிர்நோக்கிக் காத்துக் கிடக்கவில்லை. நாள்தோறும் மின்சாரமும் வெப்பமும் தந்து உழைத்துவந்தது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால் உண்மை விளங்கும். ஒரு சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமையே. இலட்சக்கணக்கான ரூபாய் எஞ்சினைச் சிறிய பம்பு ஒன்று பயனற்றதாக்கிவிடும். ஆதலின் எஞ்சினை வெறுமனே ஓட்டிப் பார்த்தல் போதாது. மாதந்தோறும் ஊர் மின்சாரத்தை நாமே நிறுத்தி, உண்மைச் சுமையை ஏற்றிச் சோதித்தல் வேண்டும். நில்லாது ஓடவேண்டியவை எவை, சிறிது பொறுப்பவை எவை என்று முன்னரே பிரித்தலும் வேண்டும். எல்லாவற்றையும் காக்க முனைவோன் எதனையும் காவான்.

வெள்ளம் வருமுன் அணை கோலுக என்பர் நம் முன்னோர். அணை கோலியபின், அது நீரைத் தாங்குமோ என்று கோடையிலேயே பார்த்துவைப்பதும் அறிவுடையார் கடமையாம்.