சி டிரைவை அடைத்திருப்பது எது? கண்டுபிடிக்க மூன்று வழிகள்

சி டிரைவின் பட்டை சிவப்பானதும் பலரும் முதலில் கைவைப்பது குடும்பப் படங்களில்தான். ஆனால் இடத்தைப் பிடித்திருப்பது பெரும்பாலும் வேறு ஏதாவதாக இருக்கும். அழிப்பதற்கு முன் அது எது என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸில் அதற்கு மூன்று நல்ல வழிகள் உண்டு. மூன்றுக்கும் பயன் வேறு வேறு.

1. விண்டோஸின் ஸ்டோரேஜ் பக்கம்
செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ். ஆப்கள், தற்காலிகக் கோப்புகள் என்று வகைவாரியாகக் கணக்குக் காட்டும். புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். பெரிய அப்டேட்டுக்குப் பின் தங்கிவிடும் பழைய விண்டோஸ் கோப்புகளை இங்கிருந்தே பத்திரமாக நீக்கலாம். ஒவ்வொரு கோப்பாகத் துருவிப் பார்க்க மட்டும் இது போதாது.

2. வின்டிர்ஸ்டாட்
இலவசம், திறந்த மூல மென்பொருள். ஒவ்வொரு கோப்பும் ஒரு வண்ணக் கட்டமாகத் தெரியும். கோப்பு பெரிதானால் கட்டமும் பெரிது. இந்த 'ட்ரீமேப்' முறையே இந்தத் தொல்லைக்காகப் பிறந்ததுதான். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி டிஸ்க் நிரம்பி வழிந்தபோது, 1990இல் பென் ஷ்னைடர்மன் இதை உருவாக்கினார்.

3. விஸ்ட்ரீ
வேகத்தில் இதுதான் முந்தி. ஃபோல்டர் ஃபோல்டராக நுழையாமல், என்டிஎஃப்எஸ் டிரைவில் எல்லாக் கோப்புகளின் விவரமும் பதிவாகியிருக்கும் அட்டவணையை நேரடியாகப் படித்துவிடும். அதற்கு அட்மின் அனுமதி தேவை. எஃப்ஏடி32 பென் டிரைவில் அந்த வேகம் கிடைக்காது. சொந்த உபயோகத்துக்கு இலவசம். நிறுவனங்களுக்குக் கட்டணம் உண்டு.

கண்டுபிடித்த பிறகுதான் நிதானம் வேண்டும். 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் 'ஹைபர்ஃபில்' என்ற கோப்பு 6 ஜிபிக்கு மேல் இருக்கலாம். ஹைபர்னேட் வசதியை முழுமையாக அணைத்தால் அது தானே போய்விடும். கம்ப்யூட்டர் ஆன் ஆகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகலாம், அவ்வளவுதான். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' பல ஜிபி காட்டும். அதில் ஒரு பகுதி வேறு இடத்திலும் கணக்கில் வரும் அதே கோப்புகள்தான். அதை நேரடியாக அழித்தால் விண்டோஸே படுத்துவிடும்.

எதை எடுப்பது? மாதாந்திரச் சுத்தத்துக்கு ஸ்டோரேஜ் பக்கமே போதும். அலுவலகக் கணினிக்கு வின்டிர்ஸ்டாட். வீட்டுக் கணினியில் பெரிய கோப்பை உடனே பிடிக்க விஸ்ட்ரீ. எதைப் பயன்படுத்தினாலும், பெயர் புரியாத கோப்பை அழிக்காதீர்கள்.