அரை மாத்திரையின் அருமை



ஒரு நாள் தமிழ் வகுப்பில் ஒரு மாணவி பாடம் வாசித்தாள். ‘அவளது கைக்குட்டை நனைந்தது’ என்பதை, ‘அவளது கை குட்டை’ என்று நிறுத்தினாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் கண் கலங்கி அமர்ந்தாள்.

இரண்டையும் அசை பிரித்தால் கைக்/குட்/டை, கை/குட்/டை என மூன்று நேரசைகளே வரும். வேறுபாடு ‘க்’ ஒன்றுதான். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. அது மிகுந்தால் வேற்றுமைத் தொகை. கையில் வைத்திருக்கும் சிறு துணி. மிகாவிட்டால் எழுவாய்த் தொடர், கை குட்டையானது!

எழுத்து ஒன்றாயிருந்தும் பொருள் வேறுபடும் தொடர்கள் ஓசையால் வேறுபடும் என்று தொல்காப்பியர் புணரியலில் கூறுகிறார். ‘செம்பொன்பதின்றொடி’ என்பது உரையாசிரியர் காட்டும் உதாரணம். ‘செம்பொன் பதின் தொடி’ என்றால் பத்துத் தொடி நிறையுள்ள பொன். ‘செம்பு ஒன்பதின் தொடி’ என்றால் ஒன்பது தொடிச் செம்பு. நிறுத்தும் இடம் மாறினால் பொன்னும் செம்பாகிவிடும்!

தொலைவிலுள்ள நார்வே மொழியிலும் இப்படியே. அங்கே கூட்டுச்சொல்லைச் சேர்த்தெழுதி, பெரும்பாலும் முதற்பகுதியை அழுத்திச் சொல்வர். ‘ரோய்க்ஃப்ரிட்’ என்று சேர்த்தெழுதினால் ‘புகைபிடித்தல் இல்லாதது’ என்று பொருள். அதையே பிரித்தெழுதினால் ‘தாராளமாகப் புகைபிடி’ என்றாகும்.

அந்த மாணவியின் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். நம் ஓசூரின் பெயரே கன்னடப் புணர்ச்சிதான். ‘ஹொச’ என்றால் புதிய; அதனுடன் ‘ஊரு’ சேரும்போது நடுவே ஓர் உயிர் கெடுகிறது. இது லோப சந்தி. நாம் ‘புத்தூர்’ என்பதும் இப்பொருளே. ஆனால் ‘மழை’யுடன் ‘காலம்’ சேர்ந்தால் நமக்கு வல்லொற்று மிகும், மழைக்காலம். கன்னடத்திலோ ககரம் இரட்டிக்காமல், ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம்போல் மெலிந்து ‘மளெகால’ ஆகும். இதை ஆதேச சந்தி என்பர்.

ஆகவே அவள் கவனமின்றி வாசிக்கவில்லை. தாய்மொழியின் விதி அவள் நாவில் இருந்தது. இதை அறிந்தபோது, சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது நாங்கள் அருகருகே அமர்ந்து, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் என்று ஊர்ப் பெயர்களில் ஒற்றைத் தேடிப் படிக்கிறோம். ‘மளெகால’ என்று நான் சொன்னால் இப்போது அவள் சிரிக்கிறாள். பிறகு திருத்தித் தருகிறாள்.

தோழியரே, அரை மாத்திரைதானே என்று ஒற்றை விட்டுவிடாதீர்கள். விட்டவரைப் பார்த்துச் சிரித்தும் விடாதீர்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி