நாலு ராத்திரி நிலாவும் ஒரு சனிக்கிழமை வகுப்பும்

ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸப் குழுக்களில் கோடை விடுமுறை நெருங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும்: "எந்த மியூசியத்துல ஒரே நாள்ல மெரிட் பேட்ஜ் முடிச்சுத் தர்றாங்க?" கேட்பவர் வீட்டில் பிள்ளை அப்போதுதான் சாரணர் படையில் சேர்ந்திருக்கும். என் மகன் சாரணர் ட்ரூப்பில் இருக்கிறான், மகள் கேர்ள் ஸ்கவுட். நானும் ஒன்றிரண்டு பேட்ஜுகளுக்குக் கவுன்சிலராகப் பதிவு செய்திருக்கிறேன். அதனால் என் பதில் கொஞ்சம் நீளம். மியூசியத்துக்குப் போங்கள், ஆனால் பேட்ஜை அங்கேயே முடித்துவிடலாம் என்று போகாதீர்கள். ஒரு பகலில் எல்லாம் முடிந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டுத் தந்தால், தேவைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒருமுறை சரிபாருங்கள்.

இந்த ஏற்பாடு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1910 முதல் பாய் ஸ்கவுட்ஸ் என்று அறியப்பட்ட அமைப்பு 2025 பிப்ரவரியில் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2019 முதல் மூத்த பிரிவில் பெண் பிள்ளைகளும் சேரலாம். அந்தப் பிரிவில் 130-க்கும் மேற்பட்ட மெரிட் பேட்ஜுகள் இருக்கின்றன. உச்சப் பதவியான ஈகிள் ஸ்கவுட்டுக்கு 21 பேட்ஜ் வேண்டும், அதுவும் பதினெட்டாம் பிறந்தநாளுக்குள். ஒவ்வொரு பேட்ஜுக்கும் செய்ய வேண்டியவை எண் போட்டு அச்சிடப்பட்டிருக்கும். பதிவு பெற்ற கவுன்சிலர் ஒருவர் பிள்ளையோடு பேசிப் பார்த்து, செய்து காட்டச் சொல்லி, ஒவ்வொன்றாக ஒப்புதல் தருவார். அச்சில் இருப்பதை அவர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. "விளக்கு" என்று இருந்தால் பிள்ளை வாய் திறந்து விளக்க வேண்டும். "செய்" என்று இருந்தால் செய்ய வேண்டும், அடுத்தவன் செய்வதைப் பார்த்தால் போதாது. இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் எந்த வகுப்பு நல்லது, எது வெறும் வியாபாரம் என்பது தானே விளங்கிவிடும்.

மியூசியத்தில் மட்டுமே கிடைக்கக்கூடியது எது? கையில் எடுத்துப் பார்க்கும் நிஜப் பொருளும், அதையே தொழிலாகக் கொண்ட மனிதரும். ஒரு ஜியாலஜி வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். மேசைக்கு மேசை மெருகு பூசாத சின்னப் பீங்கான் ஓடு வைத்திருந்தார்கள், கூடவே நாலைந்து கற்கள். பளபளவென்று தங்கம் மாதிரி இருந்ததை எல்லாரும் முதலில் எடுத்தார்கள். ஓட்டில் தேய்த்தால் விழுந்தது பச்சை கலந்த கறுப்புக் கோடு. அது பைரைட், ஏமாளித் தங்கம். பக்கத்தில் இருந்த கரிய, எஃகு நிறக் கல்லைத் தேய்த்தால் செங்கல் நிறத்தில் கோடு. "கல்லு கறுப்பா இருக்கு, கோடு ஏன் செவப்பு?" என்று என் மகன் கேட்டான். வகுப்பெடுத்த அம்மையார் உடனே பதில் சொல்லவில்லை. கல்லை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்துப் பார்க்கச் சொன்னார், ஓரத்தில் உதிர்ந்திருந்த பொடியைக் காட்டினார், துருப்பிடித்த ஆணியை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா என்று திருப்பிக் கேட்டார். அது ஹேமடைட், இரும்புத் தாது. யூடியூபில் இதே பாடத்துக்கு எத்தனையோ படங்கள் இருக்கின்றன. ஆனால் கை விரலில் ஒட்டிய அந்தச் சிவப்புப் பொடி அதில் வராது. வீட்டுக்கு வந்ததும் என் மார்பிள் திண்ணையில் அவன் எதையெதையோ தேய்த்துப் பார்த்தது தனிக்கதை.

ஹூஸ்டன் இயற்கை அறிவியல் மியூசியத்தின் தொல்லுயிர்க் கூடம் 2012-ல் விரிவாக்கித் திறக்கப்பட்டது. அங்கே லேன் என்று பெயரிட்ட ட்ரைசெராடாப்ஸ் இருக்கிறது. எலும்போடு தோலின் தடமும் சேர்ந்து கிடைத்த அபூர்வமான புதைபடிவம். பூமி வரலாற்றைப் பற்றிய தேவைகளைப் படித்துவிட்டு அதன் முன்னால் போய் நிற்கும் பிள்ளைக்கும், படிக்காமல் நிற்கும் பிள்ளைக்கும் முகத்திலேயே வித்தியாசம் தெரியும். ஆகவே வகுப்புக்கு முன்னால் அந்தப் பேட்ஜின் கையேட்டைப் படிக்க வையுங்கள். இப்போது இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

இனி மியூசியத்தால் தர முடியாததற்கு வருகிறேன். ஆஸ்ட்ரானமி பேட்ஜில் ஒரு வாரத்துக்குள் நாலு இரவு, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று நிலாவின் வடிவத்தையும் அது நிற்கும் இடத்தையும் வரைய வேண்டும். எவ்வளவு அருமையான பிளானடேரியமாக இருந்தாலும் இதைச் செய்து தர முடியாது. பறவைப் பேட்ஜுக்கு 20 வகைக் காட்டுப் பறவைகளைப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும், அவற்றில் ஐந்தைக் குரலை வைத்தே அடையாளம் காண வேண்டும். பூச்சிப் பேட்ஜுக்கு 20 வகைப் பூச்சிகளை அவை வாழும் இடத்தில் உயிரோடு பார்க்க வேண்டும். ஹூஸ்டன் மியூசியத்தின் கண்ணாடிக் கூட்டு வண்ணத்துப்பூச்சி மையம் எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்தக் கணக்குக்கு நம் வீட்டுக் கொல்லைப்புறம்தான் உதவும். விண்வெளிப் பேட்ஜில் மாதிரி ராக்கெட் ஒன்றைக் கட்டி, ஏவி, திரும்பப் பிடித்து, பிறகு ஒரு நோக்கம் வைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் ஏவ வேண்டும். வகுப்பன்று காற்று பலமாக அடித்தால் ஏவுதல் நடக்காது.

நல்ல மியூசியங்கள் இதை மறைப்பதில்லை. பதிவுப் பக்கத்திலேயே "முன்கூட்டிச் செய்துவர வேண்டியவை" என்று எண் போட்டுச் சொல்லிவிடுவார்கள். நம்மவர்கள் பணத்தைக் கட்டிவிட்டு அந்தப் பத்தியைத்தான் தாண்டிப் போகிறோம். வகுப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை ராத்திரி நாலு நிலாவையும் ஒரே மூச்சில் வரைந்த நோட்டுகள் கவுன்சிலராக என்னிடம் வந்திருக்கின்றன. நாலு நாளும் நிலா நகராமல் மரத்துக்கு மேலேயே நின்றிருக்கும்! ஒவ்வொரு நாளும் அது ஐம்பது நிமிஷம்போலப் பிந்தி உதிக்கிறது, ஆகவே அதே மணிக்குப் பார்த்தால் தினமும் கிழக்கே தள்ளித் தெரியும். நிஜமாகப் பார்த்த பிள்ளைக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டாத சங்கதி. வளர்பிறை நாலாம் நாள், ஐந்தாம் நாளில் தொடங்கினால் சாயங்காலமே வேலை முடிந்துவிடும், பள்ளிக்கூட நாளில் தூக்கம் கெடாது. ஊருக்குள் வெளிச்சம் அதிகம் என்றால் பிரேசோஸ் பெண்ட் மாநிலப் பூங்காவுக்குள் இருக்கும் ஜார்ஜ் வானோக்கு நிலையத்துக்குப் போகலாம், 36 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. முதலைகளும் இருக்கின்றன, நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. கையெழுத்துப் போடுகிறவர் பதிவு பெற்ற கவுன்சிலரா, மியூசியத்தின் வழிகாட்டி மட்டுமா? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்? பேட்ஜ் முழுதாக முடியுமா, 'பார்ஷியல்' ஆகத்தான் வருமா? இரண்டாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். ஒரு ஊரில், பெயர் வேண்டாம், பெரிய அரங்கில் திரை போட்டு, எக்கச்சக்கமான பிள்ளைகளை உட்காரவைத்து, முடிவில் எல்லாருக்கும் ஒரே மாதிரி முழு ஒப்புதல் கொடுத்து அனுப்பினார்கள். கூட்டமாகச் சொல்லித்தருவது தப்பில்லை, விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகச் செய்து காட்டியிருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. பார்ஷியல் என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு அரியர் வைத்துவிட்ட இன்ஜினியரிங் காலேஜ் ஞாபகம் வருகிறது. பார்ஷியலில் அவமானம் ஒன்றுமில்லை. பதினெட்டு வயது வரை அது செல்லும், மீதியை உங்கள் ஊர்க் கவுன்சிலரிடம் முடித்துக்கொள்ளலாம்.

பெரிய மியூசியத்தின் கோடை வகுப்புகள் அறிவித்த கையோடு நிரம்பிவிடும். இடம் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு நான் சொல்வது, சின்ன மியூசியங்களைப் பாருங்கள் என்பதுதான். உண்மையில் எனக்கு அவைதான் பிடிக்கும். எங்களுக்கு அருகில் ரோசன்பர்க் ஊரில் ரயில் மியூசியம் ஒன்று இருக்கிறது. 1903-ல் தொடங்கி 2004 வரை ஆள் வைத்து இயங்கிய 17-ஆம் எண் சிக்னல் கோபுரத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கோபுரங்களில் லீவர்கள் வரிசையாக நிற்கும். ஒரு பாதைக்கான லீவரை இழுத்துவிட்டால், அதோடு குறுக்கிடும் பாதையின் லீவர் பூட்டிக்கொள்ளும். ஆள் தூங்கி வழிந்தாலும் இரண்டு ரயிலை ஒரே குறுக்குப் பாதைக்கு அனுப்ப முடியாதபடி இரும்பிலேயே போட்ட முடிச்சு அது. ரயில் பேட்ஜில் சிக்னல் எப்படி இயங்குகிறது என்று விளக்கச் சொல்கிறார்கள். புத்தகத்தில் இது அரைப் பக்கம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் யாராவது தன்னார்வலராக அகப்பட்டுவிட்டால் பிள்ளைகள் நகரமாட்டார்கள். எட்டுப் பத்துப் பேர் கொண்ட ட்ரூப்பாகப் போகிறோம் என்று முன்பே எழுதிக் கேட்டால், இப்படிப்பட்ட இடங்களில் ஒருவர் கூடவே வந்து நேரம் ஒதுக்கிச் சொல்லித்தருவார். அவர் கவுன்சிலராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கற்றதைப் பிறகு உங்கள் கவுன்சிலரிடம் விளக்கினால் போதும்.

கேர்ள் ஸ்கவுட்டுக்குக் கணக்கு வேறு. ஜூலியட் கார்டன் லோ 1912-ல் ஜார்ஜியாவின் சவானாவில் தொடங்கிய தனி அமைப்பு அது. அங்கே கவுன்சிலர் கையெழுத்து என்ற கெடுபிடி இல்லை, ட்ரூப் தலைவியே பார்த்துக்கொள்வார். படிகளும் குறைவு, மியூசியத்தில் ஒரு பகலில் பேட்ஜ் முடிவது அங்கே இயல்பான விஷயம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மியூசியம் நினைவாகத் தரும் துணிப் பட்டை, பேட்ஜ் ஆகாது. அது கையில்லாக் கோட்டின் முதுகுப்புறம் தைக்க வேண்டியது. அதிகாரபூர்வ பேட்ஜ் முன்புறம். அதைப் பெரும்பாலும் நாம்தான் தனியாக வாங்க வேண்டும்.

மியூசியத்தில் இரவு தங்கல் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. 2006-ல் வந்த 'நைட் அட் தி மியூசியம்' படத்துக்குப் பின் கிளம்பிய மோகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஓஹியோ மாநிலம் கொலம்பஸில் உள்ள கோசை அறிவியல் மையம் 1972-லேயே இதைத் தொடங்கிவிட்டது. டெக்சஸில் என் ஓட்டு கார்ப்பஸ் கிறிஸ்டியில் மிதக்கும் யூஎஸ்எஸ் லெக்சிங்டனுக்கு. 1943-ல் கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல், 1992 முதல் மியூசியம். மாலுமிகள் படுத்த அதே அடுக்குக் கட்டில்களில் பிள்ளைகள் படுக்கலாம். ஏணிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ள அப்பாக்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மேல் கட்டிலில் சடக்கென்று எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும்.

கட்டட மியூசியம் என்றால் வெறும் தரைதான். ஏசியை ராத்திரியில் குறைக்க மாட்டார்கள், காட்சிப் பொருட்களுக்காக அது ஓடியே ஆக வேண்டும். தூக்கப்பைக்குக் கீழே விரிக்க ஒரு பாய், கண்ணை மறைக்கத் துணி, காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள். வெளியேறும் வழி விளக்கு விடிய விடிய எரியும், குறட்டையும் அப்படியே. சாப்பாடு பெரும்பாலும் பீட்சா, காலையில் சீரியல். சைவம் என்றால் பதிவின்போதே சொல்லிவிடுங்கள். காட்சிக் கூடத்துக்குள் உணவு கொண்டுபோக விடமாட்டார்கள், ஆகவே நான் புளியோதரைப் பொட்டலத்தைக் காரில் வைத்துவிட்டுப் போய், சாப்பாட்டு நேரத்தில் எடுத்து வருவது வழக்கம். பக்கத்து ட்ரூப் அப்பாக்கள் வந்து கை நீட்டுவார்கள், கூடுதலாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை, கொஞ்சம் கசக்கும். வகுப்பில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். பிள்ளைப் பாதுகாப்பு விதிப்படி பதிவு செய்த பெரியவர்கள் இருவராவது எப்போதும் இருப்பார்கள், தனியாக எந்தப் பிள்ளையையும் எந்தப் பெரியவரோடும் விடமாட்டார்கள். அதற்குப் பெரியவர்கள் தேவை, தொண்டு செய்யத் தாராளமாக வாருங்கள். ஆனால் கவுன்சிலர் பையனைப் பார்த்துக் கேள்வி கேட்கும்போது பின்வரிசையிலிருந்து விடை பறந்து வரும் பாருங்கள், அது பெரும்பாலும் நம் ஊர்க் குரலாகத்தான் இருக்கிறது. பையன் திக்கினால் திக்கட்டும். மின்னஞ்சலையும் அவனே எழுதட்டும், நகலில் நீங்கள் இருந்தால் போதும்.

கடைசியாகக் காகித வேலை. வகுப்புக்குப் பதிவு செய்வதற்கு முன் ட்ரூப்பின் தலைவரான ஸ்கவுட் மாஸ்டரிடம் பேசி ப்ளூ கார்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாக மடியும் நீல அட்டை: ஒரு துண்டு ட்ரூப்புக்கு, ஒன்று கவுன்சிலருக்கு, ஒன்று பிள்ளைக்கு. சில ட்ரூப்புகள் இதைக் கணினியிலேயே செய்கின்றன, உங்களுடையது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்து விழுந்த அன்றே படம் எடுத்து வையுங்கள். பிள்ளையின் துண்டைப் பேஸ்பால் கார்டு செருகும் பிளாஸ்டிக் தாளில் போட்டுக் கோப்பில் அடுக்குங்கள், அளவு கச்சிதமாகப் பொருந்தும். விசாவும் வேலையும் இழுக்கிற பக்கம் மாநிலம் மாநிலமாக மாறும் குடும்பங்களுக்கு இது மிக முக்கியம். ஈகிள் விண்ணப்பத்தின்போது பேட்ஜ் முடித்த தேதிகளைச் சரிபார்ப்பார்கள், பழைய ட்ரூப்பின் பதிவில் ஏதாவது விடுபட்டிருந்தால் கையில் இருக்கும் அந்தத் துண்டுதான் சாட்சி. பாதியில் நிற்கும் பேட்ஜின் அட்டையையும் அதிலேயே வையுங்கள், புது ஊரில் புதுக் கவுன்சிலர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.