பழைய ப்ரீ ஆம்ப்ளிஃபையருக்குப் புதிய பவர் சப்ளை

ஊரை விட்டு வரும்போது எச்.எம்.வி. ரிக்கார்டுகளையும் துணி சுற்றிப் பெட்டியில் எடுத்து வந்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. ரிக்கார்டுகள் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் போட்டுக் கேட்டால், பாட்டுக்கு அடியில் விடாமல் ஓர் உறுமல். பிள்ளைகள், "செட்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுங்கள் அப்பா" என்கிறார்கள். அப்படிப் போடுவதற்கு முன் இந்தப் பாடத்தை ஒரு முறை படித்துவிடுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான் பார்த்த செட்டுகளில் பலவற்றில் பெருக்கும் பகுதி பழுதின்றி இருந்தது. அதற்கு மின்சாரம் ஊட்டும் பவர் சப்ளைதான் மூப்படைந்திருந்தது. அதை மட்டும் புதிதாக, தனிப் பெட்டியில், வெளியே வைத்துக் கட்டிவிடலாம்.

உறுமல் ஏன் இவ்வளவு பெரிதாகக் கேட்கிறது? ரிக்கார்டு ஊசியின் காந்த கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். இது மிகச் சிறிய அளவு. போதாததற்கு, எல்.பி. ரிக்கார்டு வெட்டும்போது அடித்தொனிகளைக் குறைத்துத்தான் பதிவார்கள். 1954இல் ஏற்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற முறைப்படி, ப்ரீ ஆம்ப்ளிஃபையர் அவற்றைத் திரும்ப உயர்த்த வேண்டும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸ் ஏழு மடங்கும், 100 ஹெர்ட்ஸ் நாலரை மடங்கும் கூடுதலாகப் பெருக்கப்படும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியே நேர்மின்சாரமாக்கினால் மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். எங்கே பெருக்கம் அதிகமோ, சரியாக அங்கே வந்து உட்காருகிறது உறுமல்!

ரயில்வேயில் இதற்கு ஒப்பான ஓர் ஏற்பாடு உண்டு. பெரிய நிலையங்களில் சிக்னல் ரிலேக்கள் ஓர் அறையில் இருக்கும். பாட்டரி, சார்ஜர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் வேறு அறையில் இருக்கும். காரணங்கள் வேறானாலும் பழக்கம் நல்லது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரத்து நெய்ம் நிறுவனம் ப்ரீ ஆம்ப்ளிஃபையர் ஒரு பெட்டி, 24 வோல்ட் பவர் சப்ளை இன்னொரு பெட்டி என்று விற்றுப் பேர் வாங்கியது. 2012இல் அந்த 'ஹைகேப்' பெட்டிக்குள் புதுவகை ரெகுலேட்டர் வைத்தபோது, பழைய ப்ரீ ஆம்ப்ளிஃபையரை அப்படியே வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்தது. விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். நமக்கு எஸ்.பி. ரோடு இருக்கிறது.

கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, பவர் ஆம்ப்ளிஃபையரைத் தொடாமல், ப்ரீ ஆம்ப்ளிஃபையரின் மின்சாரத்தை மட்டும் ஸ்விட்சில் அணையுங்கள். உள்ளே கண்டென்சரில் தேங்கிய மின்சாரத்தால் பாட்டு ஓரிரு நொடி தொடரும். அந்த நொடிகளில் உறுமல் நின்றுவிட்டால் குற்றவாளி பவர் சப்ளை, அல்லது அதே பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. உறுமல் பாட்டோடு தொடர்ந்தால் எர்த் வயரையும் கார்ட்ரிட்ஜ் வயரையும் பாருங்கள். புதுப் பவர் சப்ளைக்குச் செலவு செய்து பயனில்லை.

இனி செய்முறை. முதலில் செட் ஓடும்போது பழைய பவர் சப்ளை தரும் வோல்டேஜை மீட்டரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவுதான் புதியதும் தரவேண்டும். கூட்டிக் கொடுத்தால் இனிமை கூடும் என்று நினைக்க வேண்டாம். ஜாலஹள்ளி பி.இ.எல். தயாரித்த பி.சி.148, 149 டிரான்சிஸ்டர்களை வைத்துக் கட்டிய ஒரு செட்டுக்கு 18 வோல்ட் தேவை என்று வைத்துக்கொள்வோம். 18 வோல்ட், 500 மில்லிஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 1என்4007 டயோடு, 2200 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் கண்டென்சர், எல்.எம்.317 ரெகுலேட்டர் வாங்குங்கள். ரெகுலேட்டருக்கு 240 ஓம், 3.3 கிலோ ஓம் போட்டால் சுமார் 18.6 வோல்ட் வரும். இந்தச் சிறு வேறுபாட்டால் பாதகமில்லை. அட்ஜஸ்ட் காலிலிருந்து எர்த்துக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போட மறக்கக்கூடாது. வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். செட் இழுப்பது 20 மில்லிஆம்பியர் என்றால், பெரிய கண்டென்சரில் மிஞ்சும் அலை சுமார் 90 மில்லிவோல்ட். மேற்படி 10 மைக்ரோஃபாரட் இருந்தால் ரெகுலேட்டர் அதைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கும். அதாவது 9 மைக்ரோவோல்ட். பழைய செட்டிலோ, உள்ளிருக்கும் ரசாயனம் உலர்ந்து கண்டென்சரின் கொள்ளளவே பத்தில் ஒன்றாகியிருந்தால், அலை கிட்டத்தட்ட ஒரு வோல்ட்!

புதுப் பெட்டி இரும்பாலோ அலுமினியத்தாலோ இருக்கட்டும். மூன்று பின் பிளக், ஃபியூஸ், பெட்டியின் உடலுக்கு எர்த் மூன்றும் கட்டாயம். பழைய செட்டுக்குள் 230 வோல்ட் வயர் ஒன்றுகூட மிச்சம் இருக்கக்கூடாது. இருந்தால் உறுமலும் போகாது, பேரப்பிள்ளைகள் கை வைத்தால் உயிருக்கும் ஆபத்து. சால்டரிங் அனுபவம் இல்லாதவர்கள் இந்த மெயின்ஸ் வேலையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே ஒரு மீட்டர் வயர் போதும். செட்டுக்குள் அந்த வயர் சேரும் இடத்தில் 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைப் புதிதாக வையுங்கள்.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் காலத்துச் செட்டுகளில் பாசிட்டிவ் முனையை எர்த்தில் சேர்ப்பது வழக்கம். உங்களுடையது அப்படியா என்று பார்த்துவிட்டுத்தான் வயரைச் சேர்க்கவேண்டும். மாறிப்போனால் டிரான்சிஸ்டர்கள் ஒரு நொடியில் போய்விடும், மாற்றுக் கிடைப்பதும் அரிது.

"லேப்டாப் அடாப்டர் சும்மா கிடக்கிறதே, அதைப் போடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு பின் அடாப்டர்களில் மெயின்ஸ் பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு ஒரு சிறு கண்டென்சர் இருக்கும். அதன் வழியே கசியும் மின்சாரமே ஒரு புது இரைச்சலைக் கொண்டுவரலாம். நான் ரிக்கார்டு செட்டுக்கு அதைச் சேர்ப்பதில்லை.

எல்லாம் முடிந்து உறுமல் அடங்கிய பிறகு, அதுவரை மறைந்திருந்த 'ஸ்ஸ்' என்ற மெல்லிய ஓசை கேட்கத் தொடங்கும். அது டிரான்சிஸ்டர்களிலும் ரெசிஸ்டர்களிலும் பிறப்பது; பவர் சப்ளையை மாற்றி அதைப் போக்க முடியாது. ஊசி ரிக்கார்டில் இறங்கியதும் பெரும்பாலும் அது காதில் விழாது.