சாரல் இருந்தது, ஆள் இல்லை: அரசு கொட்டிய பணமும் நாம் நம்பும் கணக்கும்

தேர்தல் நெருங்கினால் தென்காசி டீக்கடைகளில் ஒரு சண்டை தவறாமல் நடக்கும். அரசு காசை வாரி இறைத்து எல்லோரையும் கடனாளி ஆக்கிவிட்டது என்பார் ஒருவர். கஷ்ட காலத்தில் கொடுத்தது போதாது என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே சில தவறான கணக்குகளை நம்பித்தான் பேசுகிறார்கள். கொரோனாவில் இந்த வட்டாரம் பட்ட பாட்டை வைத்தே அந்தக் கணக்குகளைச் சரிபார்த்துவிடலாம்.

"மத்திய அரசு 20 லட்சம் கோடி ரூபாய் செலவழித்தது."

2020 மே 12 அன்று பிரதமர் அறிவித்த தொகை அது. நிதியமைச்சர் ஐந்து நாள் விவரம் சொல்லி முடித்தபோது கூட்டுத்தொகை 20,97,053 கோடி. அதில் 8,01,603 கோடி, ரிசர்வ் வங்கி பணப்புழக்கத்துக்காக எடுத்த நடவடிக்கைகளின் மதிப்பு. சிறு தொழில்களுக்கு என்று சொன்ன 3 லட்சம் கோடி, வங்கி தரும் கடனுக்கு அரசு போட்ட ஜாமீன். கஜானாவிலிருந்து நேராக மக்கள் கைக்கு வந்தது இந்த மொத்தத்தில் சிறு பங்குதான்.

கடனுக்கும் காசுக்கும் உள்ள இந்த வித்தியாசம் குற்றாலத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. 2020, 2021 இரண்டு சீசனிலும் அருவிகளில் குளிக்கத் தடை. ஐந்தருவியில் தண்ணீர் கொட்டியது, சாரலும் அடித்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை. ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்பவர்கள், நேந்திரங்காய் சிப்ஸ் போடுபவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள், லாட்ஜில் போர்வை துவைப்பவர்கள், ஆட்டோக்காரர்கள் என எல்லோருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வரும் வருமானம்தான் ஆண்டு முழுவதற்கும். ஆள் வராத கடைக்குக் கடன் கொடுத்தால் அதில் வாங்கும் சரக்கை யாரிடம் விற்பது? வட்டிதான் ஏறும். போன வருமானத்துக்கு ஈடாக ஏதாவது கையில் கிடைத்திருந்தால்தான் அந்தக் குடும்பங்களுக்கு உதவியாக இருந்திருக்கும். 20 லட்சம் கோடி என்ற பெரிய எண்ணைக் கேட்டு மலைத்தவர்களும் அதைக் கண்டு பயந்தவர்களும் அதில் கடன் எவ்வளவு, காசு எவ்வளவு என்று கேட்கவே இல்லை.

"கையில் கொடுக்கும் காசு வீண். ஆளைச் சோம்பேறியாக்கும்."

2021 மே, ஜூன் மாதங்களில் தமிழக அரசு 2.07 கோடி அரிசி அட்டைக் குடும்பங்களுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தது. முதல் தவணைக்கு மட்டும் 4,153 கோடி ஆனது. ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றும் வீட்டில் அந்த 2,000 ரூபாய் எங்கே போகும்? பலசரக்குக் கடைப் பாக்கிக்கும் மருந்துக்கும் அடகு வட்டிக்கும்தான். கடைக்காரர் அதை எடுத்துக்கொண்டு மொத்த வியாபாரியிடம் போவார். டெல்லியில் உள்ள தேசிய பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2013ல் ஒரு கணக்குப் போட்டார்கள். இப்படி நேரடியாகக் கொடுக்கும் ஒரு ரூபாய் பொருளாதாரத்தில் 98 காசு உற்பத்தியைச் சேர்க்கிறது. சாலை, பாலம் போன்ற மூலதனச் செலவு ஒரு ரூபாய்க்கு 2 ரூபாய் 45 காசு சேர்க்கிறது. கையில் கொடுத்தது வீணாகவில்லை, பெருகவும் இல்லை. பசித்த வேளைக்கு அது சோறு, அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது தப்பு.

நூறு நாள் வேலைக்கும் இதே பழி உண்டு. 2020-21ல் பட்ஜெட்டில் ஒதுக்கிய 61,500 கோடியோடு இன்னும் 40,000 கோடி சேர்க்க வேண்டிய அளவுக்கு ஆட்கள் வேலை கேட்டு வந்தார்கள். அப்படியும் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது நாடு முழுக்கச் சராசரியாக ஐம்பது நாளை ஒட்டித்தான். சோம்பேறிகள் வெயிலில் மண் சுமக்க வரிசையில் நிற்பார்களா? நடவு நேரத்தில் ஆள் கிடைக்கவில்லை என்ற விவசாயியின் குறை மட்டும் நியாயமானது. அதைத் தீர்க்க வேலை நாட்களை மாற்றி வைக்க வேண்டும், திட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

"அப்படியானால் ரயில், ரோடு என்று மட்டும் செலவழித்தால் போதும்."

செங்கோட்டை–புனலூர் பாதையைப் பாருங்கள். 1904ல் வந்த மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதையாக்க 2010ல் ரயிலை நிறுத்தினார்கள். மலைக்குகைகளையும் பதிமூன்று கண் பாலத்தையும் தாண்டி ரயில் மறுபடி முழுதாக ஓடியது 2018ல். நல்ல செலவுதான், பல தலைமுறைக்கு நிற்கும். ஆனால் இந்த மாதம் அடுப்பெரியாதவருக்கு எட்டு வருஷம் கழித்து வரும் ரயிலைக் காட்ட முடியாது. பொருளாதார மந்தத்தின் முதல் மாதங்களுக்குக் கையில் காசு, பின்னாலேயே கட்டுமானம் என்று இரண்டும் வேண்டும்.

"கடன் என்றாலே நாசம்", "அரசுக்குக் கடன் ஒரு பொருட்டா?"

இரண்டுமே பொய். 2021 ஆகஸ்ட் 9 அன்று வந்த தமிழக வெள்ளை அறிக்கை, ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றது. பலர் அதை வீட்டுக்கு வரும் பில் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். கவலைப்பட வேண்டிய எண் வேறு: 2020-21ல் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி. அந்த அளவுக்கு அன்றாடச் செலவுக்கே கடன். மாநிலம் நோட்டு அடிக்க முடியாது, மத்திய அரசின் சம்மதத்துக்கு உட்பட்டுத்தான் கடன் வாங்க முடியும், வட்டியை வரியிலிருந்துதான் கட்ட வேண்டும்.

கொடுத்ததை எப்போது நிறுத்துவது என்று யோசிக்காத குற்றமும் நடந்திருக்கிறது. உலக நிதி நெருக்கடியின்போது, 2008 டிசம்பர் முதல் 2009 பிப்ரவரி வரை மத்திய அரசு மூன்று ஊக்கத் திட்டங்கள் போட்டது. 14 சதவீதமாக இருந்த கலால் வரி 8க்கு இறங்கியது. 2012ல்கூட 12க்குத்தான் திரும்பியது. நிதிப்பற்றாக்குறை ஒரே ஆண்டில் ஜிடிபியில் 2.5 சதவீதத்திலிருந்து 6க்குத் தாவியது. அடுத்த நான்கைந்து வருஷம் சில்லறை விலைவாசி 10 சதவீதத்தை ஒட்டியே ஏறியது. மழை பொய்த்ததும் எண்ணெய் விலையும் சேர்ந்த காரணங்கள்தான். ஆனாலும் நிமிர்ந்த பிறகும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு விலை கொடுத்தவர்கள் வாரக் கூலிக்காரர்கள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேற்றியது. நாள் 125 என்பது எல்லோர் வாயிலும் இருக்கிறது. தமிழகம் போன்ற மாநிலங்கள் செலவில் 40 சதவீதம் போட வேண்டும், மத்திய அரசு முன்கூட்டி வரையறுத்த தொகைக்கு மேல் போனால் மாநிலமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. மந்தம் வரும்போது மாநில வரியும் சேர்ந்துதான் விழும். வேலை அதிகம் வேண்டிய அதே வருஷத்தில் கொடுக்கக் காசு இருக்காது.

இன்னொன்று, பழைய சட்டம் போலவே இதுவும் கிராமப்புறத்துக்கு மட்டும். குற்றாலமும் இலஞ்சியும் மேலகரமும் பேரூராட்சிகள். சீசன் அடைபட்டால் அங்கே எண்ணெய் தேய்ப்பவரும் பழம் விற்பவரும் இந்தச் சட்டத்தின் கீழ் வேலை கேட்க முடியாது. கட்சிக்காரர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.