வல்லுநர் கருத்தை ஒன்றுசேர்க்கும் டெல்ஃபி முறை

உப்பில் என்னென்ன கலந்துள்ளன என்பதைச் சோதனைக் கூடத்தில் அறியலாம். இன்னும் இருபது ஆண்டுகளில் நாட்டிற்கு எத்தகைய தொழில்நுட்பம் தேவைப்படும் என்பதை எந்தச் சோதனைக் குழாயும் சொல்லாது. விஷயம் அறிந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அவர்களை ஓர் அறையில் கூட்டினால், பதவியில் பெரியவர் முதலில் பேசுவார், மற்றவர்கள் தலையசைப்பார்கள். அதையே 'ஒருமனதான முடிவு' என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவதும் உண்டு!

அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் நார்மன் டால்கி, ஓலாஃப் ஹெல்மர் என்னும் அறிஞர்கள் 1950-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டனர். குறி சொல்லும் கோயிலுக்குப் பேர்போன பழைய கிரேக்க ஊரின் பெயரால் அது 'டெல்ஃபி முறை' எனப்பட்டது. முதற் சோதனை, ஒரு நாட்டின் தொழில் உற்பத்தியைக் குலைக்க எத்தனை அணுகுண்டுகள் வேண்டும் என்பது பற்றியது; வருந்தத்தக்க கேள்விதான். ஏழு வல்லுநர்களிடம் ஐந்து முறை வினாத்தாள் அளித்தனர். முதலில் விடைகள் 50 முதல் 5,000 வரை பரந்திருந்தன. அந்த நூறு மடங்கு வேறுபாடு, முடிவில் ஏறக்குறைய இரண்டு மடங்காகச் சுருங்கியது. இச்சோதனையை 1963-ல் கட்டுரையாக வெளியிட்டனர்.

இம்முறை நடக்கும் விதத்தை நம் ஊரை வைத்துக் கற்பனை செய்து பார்ப்போம். பத்து ஆண்டுகளில் வல்லம் பகுதியில் மல்லாட்டை பயிரிடும் நிலம் எத்தனை விழுக்காடு குறையும் என்று ஒன்பது பேரைக் கேட்கிறோம். வேளாண் அலுவலர், அனுபவமுள்ள விவசாயிகள், எண்ணெய் ஆட்டுபவர், களத்து வேலை செய்யும் பெண் ஆகியோர் அவர்களுள் இருக்கிறார்கள். ஒருவர் விடை மற்றவருக்குத் தெரியாது. வந்த விடைகள் 5, 10, 10, 15, 20, 25, 30, 40, 60 என்று கொள்வோம். இடைநிலை அளவு 20. கீழ்க் கால்மானம் 10, மேல் கால்மானம் 35. கணக்குப் பாடத்தில் படித்ததுதான்!

இந்த அளவுகளை, பெயர் எதுவும் குறிப்பிடாமல், ஒன்பது பேருக்கும் அனுப்புகிறோம். விளிம்பில் நிற்பவர்களிடம் காரணம் கேட்கிறோம். 60 என்று எழுதியவர் அந்தக் கூலிப் பெண்மணி. "செடி பிடுங்கவும் காய் ஆயவும் ஆள் கிடைப்பதில்லை, பிள்ளைகள் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்" என்பது அவர் காரணம். கூட்டத்தில் இதை அவர் வாய்திறந்து சொல்லியிருப்பாரா? அதைப் படித்த அலுவலர் தம் 15-ஐ 30 ஆக்கலாம், ஆக்காமலும் இருக்கலாம். மாற்றிக்கொண்டால் மதிப்பிழப்பு இல்லை, யாருக்கும் தெரியாதே! இரண்டு மூன்று சுற்றுகளில் விடைகள் பெரும்பாலும் நெருங்கி வரும்.

திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்களும் தம் கையெழுத்து அடையாளம் தெரியாதவாறே வாக்குச் சீட்டு எழுதுகிறார்கள். 2025 மே மாதத்தில் 133 பேர் வாக்களித்தனர். 89 வாக்குகள் தேவைப்பட்டன. எனினும் அது தேர்தல். சீட்டுடன் காரணம் சுற்றி வருவதில்லை. டெல்ஃபியில் காரணமே உயிர்.

நம் நாட்டில் இம்முறையைப் பெரிய அளவில் கையாண்டது டைஃபாக் என்னும் தொழில்நுட்ப முன்கணிப்பு மன்றம். இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அப்போது அதன் தலைவர். 'தொழில்நுட்ப நோக்கு 2020' என்ற திட்டத்திற்காக ஏறத்தாழ 500 வல்லுநர்கள் குழுக்களில் உழைத்தனர். சுமார் 5,000 பேர் வினாத்தாள் முதலியவற்றின் வழியே கருத்தளித்தனர். டெல்ஃபியோடு குழுக் கலந்துரையாடல் முறைகளும் சேர்த்துக்கொள்ளப்பட்டன. 1996-ல் 25 தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. வேளாண்மையும் உடல்நலமும் அதில் இடம்பெற்றன.

குறைகளும் உண்டு. அதே ராண்ட் நிறுவனத்தின் ஹெரால்டு சாக்மன் 1974-ல் இம்முறையைக் கடுமையாகச் சாடினார். வினா தெளிவில்லையென்றால் விடையும் தெளிவிராது. சலிப்படைந்தவர்கள் பெரும்பான்மையோடு ஒத்துப்போய்விடுவார்கள் என்பதும் உண்மையே. அதனால் எத்தனை விழுக்காட்டினர் இசைந்தால் அது ஒருமித்த கருத்து என்பதை முதற் சுற்றுக்கு முன்பே எழுதி வைப்பது நல்ல ஆய்வாளர் வழக்கம். கடைசிவரை இசையாதவர்களின் காரணத்தையும் அறிக்கையில் சேர்ப்பார்கள். அதைச் சேர்க்காவிட்டால், நம் ஊர்ப் பெண்மணி எழுதிய 60, இடைநிலை அளவுக்குள் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும்.