எச்சில் விழுங்க முடியவில்லையா? உட்கார வையுங்கள், உடனே கிளம்புங்கள்

கொரோனா, ஃப்ளூ மாதிரியான வைரஸ் காய்ச்சலில் தொண்டை வலிப்பது சகஜம். பெரும்பாலும் சில நாளில் தானே அடங்கிவிடும். மிக அரிதாகச் சிலருக்குக் குரல்வளை மூடி வீங்கிவிடுகிறது. நாம் விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் தடுக்கிற குருத்தெலும்பு மடல் அது. வீங்கினால் காற்று போகிற வழியையே அடைக்கும். சில மணி நேரத்திலேயே முற்றிவிடலாம். கோவிட் நோயாளிகளிடமும் இது பதிவாகியிருக்கிறது.

முதலில், வலியின் அளவைக் கவனியுங்கள். வாயைத் திறந்தால் தொண்டை பெரிதாகச் சிவந்திருக்காது. ஆனால் வலி உயிர் போகும். மூடி நாக்கின் வேருக்குக் கீழே மறைந்திருப்பதால் கண்ணாடியில் தெரியாது. அடுத்து எச்சில்: விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே இருப்பார், குழந்தையென்றால் வழியும். குரல் வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் மாறும். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் கேட்டால், அல்லது கைகளை ஊன்றி முன்னால் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தால், இனி வீட்டில் பார்க்க எதுவும் இல்லை. 108-ஐ அழையுங்கள்.

வண்டி வரும்வரை அவருக்கு எப்படி வசதியோ அப்படியே உட்கார விடுங்கள். கோவிட் காலத்தில் குப்புறப் படுப்பது நமக்கெல்லாம் பழகிப்போனது. இங்கே அது கூடாது, மல்லாந்தும் கூடாது. கரண்டியால் நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்க்கவே கூடாது. அந்தச் சீண்டலே வழியை முழுதாக அடைத்துவிடலாம். கஷாயம், மாத்திரை, ஆவி எதுவும் வேண்டாம். குழந்தையை அழவிடாமல் அம்மா மடியிலேயே வைத்திருங்கள்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 97 காட்டுகிறதே என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. அதை நம்பாதீர்கள். வழி குறுகிய பிறகும் நெடுநேரம் அந்த எண் நன்றாகவே இருக்கும், இறங்கத் தொடங்கினால் சட்டென்று இறங்கும். இங்கே கருவியைவிட உங்கள் காதுதான் நல்ல சாட்சி.

காது மூக்கு தொண்டை மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் இருக்கிற பெரிய மருத்துவமனைக்கே போங்கள். வாசலிலேயே 'எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சில் சத்தம் வருகிறது' என்று சொல்லுங்கள். வெறும் 'தொண்டை வலி' என்றால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார், சர்க்கரை நோய் உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் சொல்லுங்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் ஊசிகள் போடுவார்கள். நிலைமையைப் பொறுத்து மூச்சுக்குழாயில் டியூப் வைக்க வேண்டிவரலாம். அது முடியாதபோது கழுத்தில் துளையிடுவார்கள். கேட்டால் பயமாக இருக்கும். வீக்கம் வடிந்ததும் டியூபை எடுத்துவிடுவார்கள் என்பதால் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள்.

குழந்தைகளுக்கு முன்பெல்லாம் இந்த வீக்கத்தை அதிகம் உண்டாக்கியது ஹிப் என்ற பாக்டீரியா. அதற்கான பாதுகாப்பு பென்டாவேலன்ட் தடுப்பூசியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து அரசே போடுகிறது. 6, 10, 14-வது வாரங்களில். வைரஸால் வரும் வீக்கத்தை அது தடுக்காது. ஆனாலும் தடுப்பூசி அட்டையில் மூன்று தவணையும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.